மூக்குக்குத் தெரியாமல்

பருத்தி பூவெடுக்கும் பருவத்தில் பெரம்பலூர்ப் பக்கம் போனால், காடுகளில் குச்சி நட்டுத் தொங்கவிட்ட பிளாஸ்டிக் புனல்களைப் பார்க்கலாம். புனலுக்குக் கீழே நீளமாக ஒரு பாலித்தீன் பை. மேல்மூடிக்கு அடியில் விரல்நுனி அளவில் ஒரு ரப்பர்த் துண்டு. ஆணை அழைப்பதற்குப் பெண் அந்துப்பூச்சி வெளியிடும் மணத்தைச் செயற்கையாகத் தயாரித்து அந்த ரப்பரில் ஏற்றியிருப்பார்கள். நம் மூக்குக்கு அதில் எதுவும் தெரியாது. ஆண் பூச்சிக்குத் தெரியும். இருட்டில் காற்றை எதிர்த்துப் பறந்து வந்து, இல்லாத பெண்ணைத் தேடிப் புனலைச் சுற்றிச் சுற்றிக் களைத்துப் பைக்குள் விழும். விடிந்ததும் பையின் அடிமுடிச்சை அவிழ்த்துக் கொட்டி எண்ணுவார்கள். எத்தனை விழுந்திருக்கிறது என்று பார்த்துத்தான் மருந்தடிப்பதா, இன்னும் சில நாள் பொறுப்பதா என்று முடிவு செய்வது. ஹெக்டேருக்கு 12 பொறி என்பது வேளாண் துறையினர் சொல்லும் கணக்கு. இதற்கு இனக்கவர்ச்சிப் பொறி என்று பெயர்.

அதே இனக்கவர்ச்சிப் பொருளின், அதாவது ஃபெரோமோனின், பெயரைச் சொல்லி மனிதர்களுக்கான குப்பிகளும் இணையக் கடைகளில் விற்பனையாகின்றன. ஃபெரோமோன் சென்ட், ஃபெரோமோன் ஆயில் என்று பலவிதம். பூசிக்கொண்டு அருகில் போனால் போதும், எதிரில் இருப்பவர் ஏன் என்று தெரியாமலேயே உங்கள்பால் ஈர்க்கப்படுவார் என்பதுதான் இவற்றின் வாக்குறுதி. ‘ஏன் என்று தெரியாமலேயே’ என்பதை இங்கே கவனிக்க வேண்டும். விற்கப்படுவது நறுமணம் அல்ல. இன்னொருவரின் மனத்தை அவர் அறியாமல் திருப்பும் வழி விற்கப்படுகிறது.

இப்படிப்பட்ட சரக்கைப் பற்றி அறிவியல் எழுதுபவர்கள் வழக்கமாக ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்வார்கள்: இது வேலை செய்யுமா? செய்யாது என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவார்கள். எனக்கு அது போதவில்லை. வேலை செய்யாத ஒன்றை வேலை செய்யும் என்று நம்பி ஒருவர் வாங்கும்போது, அவர் என்ன செய்ய நினைத்து வாங்கினார் என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. நாளைக்கு உண்மையிலேயே வேலை செய்யும் ஒன்று வந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வியும் இருக்கிறது. முதலில் அறிவியலைப் பார்த்துவிடுவோம்.

ஃபெரோமோன் என்ற சொல் பிறந்தது 1959-இல். பீட்டர் கார்ல்சன், மார்ட்டின் லூஷர் என்ற இருவர் அந்தப் பெயரைச் சூட்டினார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியின் அடால்ஃப் பூட்டனாண்ட் பட்டுப்பூச்சியிலிருந்து முதல் ஃபெரோமோனைப் பிரித்தெடுத்ததை அறிவித்தார். ஏறத்தாழ 20 ஆண்டு உழைப்பு அது. சுமார் 5 லட்சம் பெண் பூச்சிகளின் சுரப்பிகளிலிருந்து கிடைத்தது சில மில்லிகிராம் மட்டுமே. பாம்பிகால் என்று அதற்குப் பெயரிட்டார். பூட்டனாண்ட் கடைப்பிடித்த ஒழுங்குதான் இன்றைக்கும் இந்தத் துறையின் அளவுகோல். முதலில், மணத்துக்கு விலங்கு தெளிவாக ஒரு செயலைச் செய்கிறது என்று காட்ட வேண்டும். பிறகு மணத்தைக் கூறு கூறாகப் பிரித்து, எந்த மூலக்கூறு அந்தச் செயலைத் தூண்டுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கடைசியாக, அதைச் செயற்கையாகச் செய்து, இயற்கையில் இருக்கும் அதே அளவில் வைத்தால் அதே செயல் நடக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

பூச்சியை விட்டுப் பாலூட்டிகளுக்கு வந்தால் நல்ல உதாரணம் பன்றி. ஆண் பன்றியின் எச்சிலில் ஆண்ட்ரோஸ்டீனோன் என்ற பொருள் உண்டு. அதைச் செயற்கையாகத் தயாரித்து ஸ்பிரேயாக விற்கிறார்கள். பண்ணையில் சினை ஊசி போடுவதற்கு முன் பெண் பன்றியின் மூக்கருகே அடித்தால், பருவத்துக்கு வந்த பன்றி முதுகை விறைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். பருவத்துக்கு வராத பன்றி நிற்காது, தன் போக்கில் நடந்து போய்விடும். ஃபெரோமோன் மிக வலுவாக வேலை செய்யும் விலங்கிலேயே, அது உடலில் ஏற்கெனவே இருக்கும் ஆயத்தத்தைத்தான் தொட்டு எழுப்புகிறது. இல்லாத ஒன்றை உண்டாக்குவதில்லை.

இனி மனிதன். நம் அக்குளில் இருக்கும் ஒருவகை வியர்வைச் சுரப்பிகள் பருவமடைந்த பிறகே சுரக்கத் தொடங்குகின்றன. சுரக்கும்போது அந்த வியர்வைக்கு வாடை கிடையாது. தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை உடைக்கும்போதுதான் வாடை பிறக்கிறது. ஏபிசிசி11 என்ற ஒரே மரபணுவில் உள்ள சிறு மாற்றத்தால் கொரியர்களில் பெரும்பாலோருக்கு அக்குள் வாடை மிகக் குறைவு. அவர்களும் காதலிக்கிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள். இணை தேடுவதற்கு அக்குள் வாடை இன்றியமையாதது என்று வாதிடுபவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். எலி போன்ற பல விலங்குகளுக்கு இத்தகைய வேதிச் செய்திகளை வாங்குவதற்கென்றே மூக்குக்குள் தனி உறுப்பு ஒன்று இருக்கிறது. நமக்கு அதன் சுவடுதான் மிச்சம். அது இயங்கத் தேவையான மரபணு ஒன்று நம்மிடம் செயலிழந்து கிடக்கிறது.

இருந்தும் கடைச்சரக்கு எங்கிருந்து வந்தது? 1991-இல் பாரிஸில் நடந்த ஒரு மாநாட்டிலிருந்து வந்தது. மாநாட்டுக்குப் பணம் கொடுத்தது அமெரிக்க நிறுவனம் ஒன்று. அங்கே வாசிக்கப்பட்ட கட்டுரை ஒன்றில் ஆண்ட்ரோஸ்டாடையீனோன், எஸ்ட்ராடெட்ரயினால் என்ற இரண்டு பொருள்கள் ‘மனித ஃபெரோமோன் எனக் கருதப்படுபவை’ என்று குறிப்பிடப்பட்டன. அவை எந்தச் சோதனையின் வழியே, எப்படிக் கண்டறியப்பட்டன என்ற விவரம் கட்டுரையில் இல்லை. அவற்றுக்குக் காப்புரிமை வைத்திருந்ததும் அதே நிறுவனம். ஆக்ஸ்ஃபோர்டின் டிரிஸ்ட்ராம் வயாட் 2015-இல் இந்த வரலாற்றை முழுதும் தோண்டியெடுத்து, ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். பூட்டனாண்ட் வகுத்த மூன்று படிகளில் முதல் படியைக்கூட இந்தப் பொருள்கள் ஏறவில்லை என்பது அவர் காட்டிய உண்மை. அடித்தளமே இல்லாத இந்த இரண்டு பெயர்களை வைத்துக்கொண்டு அதற்குள் எத்தனையோ ஆய்வுகள் நடந்துவிட்டன. பலவற்றில் பயன்படுத்தப்பட்ட அளவு, வியர்வையில் இயல்பாக இருப்பதைவிடப் பன்மடங்கு அதிகம். 2017-இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு, இவற்றை முகர்ந்தவர்கள் எதிர்பாலாரின் படங்களைக் கூடுதல் கவர்ச்சியாக மதிப்பிடுகிறார்களா என்று சோதித்தது. எந்த மாற்றமும் இல்லை.

இதனால் மனிதர்களிடையே மணச் செய்தியே கிடையாது என்று ஆகிவிடாது. பிறந்து மூன்றே நாளான குழந்தைகள், தாயின் மார்க்காம்பைச் சுற்றியுள்ள சிறு சுரப்பிகளின் கசிவை முகர்ந்ததும் வாயைத் திறந்து சப்பத் தொடங்குவதை பிரான்ஸின் டிஜோன் நகர ஆய்வாளர்கள் 2009-இல் பதிவு செய்தார்கள். சொந்தத் தாயினுடையதாக இல்லாவிட்டாலும் குழந்தை அப்படித்தான் செய்தது. மனித ஃபெரோமோன் என்று ஒன்று என்றாவது நிரூபிக்கப்பட்டால் அது இங்கிருந்துதான் வரும் என்று வயாட் கருதுகிறார். நானும் அப்படியே நினைக்கிறேன். பால் தேடும் குழந்தையிடம் பாசாங்கு கிடையாது, வெட்கம் கிடையாது, பழைய காதல் நினைவுகளும் கிடையாது. அங்கே சோதனை சுத்தமாக நடக்கும்.

பெரியவர்களைப் பொறுத்தவரை, 1995-இல் சுவிட்சர்லாந்தின் கிளாஸ் வெடகைண்ட் செய்த பனியன் சோதனை உலகப் புகழ் பெற்றது. 44 ஆண்கள் இரண்டு இரவுகள் ஒரே பனியனைப் போட்டுக்கொண்டு தூங்கினார்கள். 49 பெண்கள் அவற்றை அட்டைப்பெட்டியின் துளை வழியே முகர்ந்து பார்த்தார்கள். தங்கள் நோய் எதிர்ப்பு மரபணுக்களிலிருந்து மாறுபட்ட மரபணு உடைய ஆண்களின் வாடையே பெண்களுக்குக் கூடுதலாகப் பிடித்தது. கருத்தடை மாத்திரை எடுத்தவர்களிடம் முடிவு தலைகீழாக இருந்தது. அழகான சோதனை. ஆனால் அதற்குப் பின் வந்த ஆய்வுகள் ஒத்த முடிவைத் தரவில்லை. சிலவற்றில் இந்த விளைவு தெரிந்தது, பலவற்றில் தெரியவில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: வெடகைண்டின் முடிவு முழுவதும் சரியாகவே இருந்தாலும் அதைக் குப்பியில் அடைக்க முடியாது. ஒருத்திக்குப் பிடித்த வாடை இன்னொருத்திக்குப் பிடிக்காது என்பதுதானே அந்தச் சோதனையின் சாரம்.

அறிவியல் இவ்வளவுதான். இனி, வாங்குபவரின் மனத்துக்கு வருவோம்.

ஒருவரை அவர் அறியாமல் ஈர்ப்பதற்கு நம் ஊரில் வசியம் என்று பேர். வார இதழ்களின் பின்பக்கங்களில் வசிய மை விளம்பரம் பார்த்து வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. ‘மருந்து வச்சுட்டா’ என்ற பேச்சு இன்றும் காதில் விழுகிறது. இடுமருந்து எடுப்பதாகச் சொல்லிக் காசு பறிப்பவர்களும் இருக்கிறார்கள். இந்தப் பேச்சு யார்மீது விழுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் மருமகள்மீது, அதிலும் வேறு சாதியிலிருந்து வந்தவள்மீது. பையன் மனசாரத்தான் அவளை விரும்பினான் என்பதை ஏற்க முடியாத வீடு, அவன் விருப்பத்தையே விருப்பமில்லை என்று ஆக்கிவிடுகிறது. வசியம் என்ற நம்பிக்கை இரண்டு பேரின் மனத்தையும் ஒரே அடியில் இல்லாமல் ஆக்குகிறது: வசியப்பட்டவனுக்குச் சுயபுத்தி கிடையாது, வசியம் செய்தவளிடம் அன்பு கிடையாது.

ஃபெரோமோன் விளம்பரம் செய்வதும் இதையேதான், ஆய்வகத்தின் பெயரால். ஒரு பெண்ணின் ஆசை அவள் கட்டுப்பாட்டில் இல்லை, சரியான மூலக்கூறு பட்டால் அவள் வந்துதான் ஆக வேண்டும் என்று அது ஆணுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. இந்தப் பாடத்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு, அது மிகவும் ஆபத்தானது. வாசனைக்கு மனிதர் கட்டுப்பட்டவர் என்றால், எல்லை மீறியவனும் ‘என் கையில் என்ன இருந்தது, அவளல்லவா இழுத்தாள்’ என்று சொல்லலாம். வன்முறை வழக்குகளில் பாதிக்கப்பட்ட பெண்ணின் உடையைக் காரணம் காட்டும் அதே வாதம் இங்கே வாசனைக்கு மாறியிருக்கிறது.

இது வெறும் கற்பனையான அச்சம் அல்ல. டியோடரண்ட் விளம்பரங்களில் வாசனை பட்டதும் பெண்கள் ஆணைத் துரத்துவதைப் போலக் காட்டப்படுவது குறித்து மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2011 மே மாதத்தில் விளம்பரத் தர நிர்ணய மன்றத்துக்கு எழுதி, நடவடிக்கை கேட்டது. 2022 ஜூனில் ஒரு பாடி ஸ்பிரேயின் இரண்டு விளம்பரங்களை அதே அமைச்சகம் நிறுத்தச் சொன்னது. ஒன்றில், கடையில் பொருள் எடுக்க வந்த பெண்ணின் பின்னால் பல ஆண்கள் நின்று இரட்டை அர்த்தத்தில் பேசிக்கொள்ள, அவள் மிரண்டு திரும்பிப் பார்ப்பாள். பிறகுதான் பேச்சு ஸ்பிரே பற்றியது என்று தெரியும். அந்த மிரட்சியை வைத்து வாசனை விற்கலாம் என்று யாரோ எழுதினார்கள், யாரோ சரி என்றார்கள், யாரோ நடித்தார்கள், அது ஒளிபரப்பும் ஆனது. இத்தனை கைகளைக் கடந்து அது வந்திருக்கிறது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்படியானால் சென்ட் பூசுவதே தவறா? இல்லவே இல்லை. தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு வருபவர் எதையும் ஒளிக்கவில்லை. பூ கண்ணுக்குத் தெரிகிறது, மணம் மூக்குக்குத் தெரிகிறது, நான் இன்று அலங்கரித்துக்கொண்டிருக்கிறேன் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. பிடித்தால் அருகில் வரலாம், தலைவலித்தால் தள்ளி உட்காரலாம். நம் நாட்டின் 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், அழகுசாதனம் என்றால் என்ன என்று சொல்லும்போது கவர்ச்சியைக் கூட்டுவதையும் அதன் நோக்கங்களில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. கவர்ச்சியாக இருக்க விரும்புவது குற்றம் அல்ல. என் கருத்தில் கோடு விழும் இடம் இது: செய்வதை எதிரில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? ‘உங்களைப் பார்க்க வருகிறேன் என்று நல்ல சென்ட் போட்டுக்கொண்டு வந்தேன்’ என்று சொல்லலாம், கேட்பவர் மகிழவும் செய்வார். ‘நீங்கள் அறியாமல் உங்கள் மூளையைத் தூண்ட ஒன்று பூசி வந்திருக்கிறேன்’ என்று சொன்னால் எவரும் எழுந்து போய்விடுவார். சொன்னால் கெட்டுப்போகும் காரியம் என்றால், அது மறைத்துச் செய்யப்படுவதாலேயே தவறு. குப்பியில் இருப்பது வெறும் தண்ணீராக இருந்தாலும் அந்த எண்ணம் தவறானதுதான்.

திறந்த வாசனைக்கு உண்மையிலேயே பலன் உண்டு என்பதை அழகாகக் காட்டிய ஆய்வு ஒன்று இருக்கிறது. 2009-இல் பிரிட்டனில் கிரேக் ராபர்ட்ஸ் குழு செய்தது. ஆண்கள் சிலருக்கு வாசனையும் பாக்டீரியா எதிர்ப்பொருளும் உள்ள ஸ்பிரேயைக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு அவை இல்லாத ஸ்பிரே. சில நாள் கழித்து, ஒரு பெண்ணிடம் தம்மை அறிமுகம் செய்துகொள்வதாக நினைத்துப் பேசச் சொல்லி அவர்களை வீடியோ எடுத்தார்கள். அந்த வீடியோவை ஒலியில்லாமல் பெண்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். வாசனை ஸ்பிரே போட்டவர்களையே பெண்கள் கவர்ச்சியானவர்களாக மதிப்பிட்டார்கள். திரைக்கு இந்தப் பக்கம் எந்த வாசனையும் வரவில்லை. அசையாத புகைப்படத்தைக் காட்டியபோது வித்தியாசமும் தெரியவில்லை. மாறியிருந்தது அந்த ஆண்களின் உடல்மொழிதான். வாசனை வேலை செய்தது பூசியவரிடம்தான். தன்னைப் பற்றி நன்றாக உணர்ந்தவர் நன்றாகப் பழகுகிறார். இதில் யாருடைய சம்மதமும் மீறப்படவில்லை. காசு செலவழிக்க ஆசைப்படும் இளைஞர்களுக்கு நான் சொல்வது, உங்களுக்குப் பிடித்த வாசனையை நீங்களே முகர்ந்து தேர்ந்தெடுங்கள் என்பதே. செக் ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், வேறு யாரோ கொடுத்த சென்ட்டைவிட, அவரவர் தாமே தேர்ந்தெடுத்த சென்ட் அவரவர் உடல் வாடையோடு இசைந்து இனிமையாக இருந்ததாக முகர்ந்தவர்கள் சொன்னார்கள்.

கடினமான கேள்வி இன்னும் மிச்சமிருக்கிறது. உண்மையிலேயே வேலை செய்யும் ஒன்று வந்துவிட்டால்? அறிகுறிகள் அங்கங்கே தென்படுகின்றன. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் நோம் சோபல் குழு 2011-இல், பெண்களின் கண்ணீரை முகர்ந்த ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைந்து பாலுணர்வும் தணிந்ததாக அறிவித்தது. கண்ணீருக்கு வாடையே கிடையாது. முகர்ந்தவர்களுக்குத் தாம் எதை முகர்ந்தோம் என்றே தெரியாது. நெதர்லாந்தில் மறுபடி செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. ஆனாலும் 2023-இன் இறுதியில் அதே இஸ்ரேல் குழு, கண்ணீரை முகர்ந்த ஆண்களின் ஆக்ரோஷம் ஒரு விளையாட்டுச் சோதனையில் சுமார் 44 சதவீதம் குறைந்ததாக எழுதியது. ஆக்ஸிடோசின் ஸ்பிரேயின் கதையும் இதே போன்றது. மூக்கில் அடித்தால் அந்நியர்மேல் நம்பிக்கை கூடும் என்று 2005-இல் சூரிச்சிலிருந்து வந்த செய்தி உலகத்தையே சுற்றியது. 2020-இல் பெரிய அளவில் திரும்பச் செய்தபோது அந்த விளைவு தெரியவில்லை. இந்தத் துறையில் ஒற்றை ஆய்வை நம்பி எதையும் முடிவு கட்டக் கூடாது. ஆனால், நாம் அறியாமல் நம்மைத் தொடும் மூலக்கூறு ஒன்றுகூட இருக்க முடியாது என்று அடித்துச் சொல்லவும் இயலாது.

பிரையன் ஏர்ப், ஜூலியன் சவுலெஸ்கு என்ற இரு தத்துவ அறிஞர்கள் 2020-இல் காதல் மருந்துகள் பற்றி ஒரு நூலே எழுதினார்கள். உறவில் சலிப்பும் விரிசலும் கண்ட இருவர், இருவரும் அறிந்து, இருவரும் இசைந்து, மருத்துவ மேற்பார்வையில் இத்தகைய வேதிப்பொருளின் துணையை நாடினால் அதை ஏன் தடுக்க வேண்டும் என்பது அவர்கள் வாதத்தின் ஒரு பகுதி. அந்த அளவில் எனக்கும் உடன்பாடே. நியூயார்க்கில் 2016-இல் நடந்த ஒரு கலை முயற்சியும் அப்படிப்பட்டதுதான். மூன்று நாள் டியோடரண்ட் போடாமல் அணிந்த பனியன்களைப் பலரும் அனுப்பிவைத்தார்கள். வெட்டிய துண்டுகளை முகர்ந்து பார்த்து, பிடித்த வாடைக்காரரைத் தெரிவு செய்தார்கள். இருவரும் பரஸ்பரம் தெரிவு செய்திருந்தால் மட்டுமே தொடர்பு விவரம் கைமாறும். வந்தவர்கள் அனைவரும் தெரிந்தே மூக்கை நீட்டினார்கள்.

அறியாதவர்மேல் பயன்படுத்துவது வேறு. நேர்காணலுக்கு வந்த பெண்ணின் எதிரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி, வாடகை வீடு காட்டும் உரிமையாளர், தனியாக டியூஷன் எடுக்கும் ஆசிரியர் என்று நினைத்துப் பாருங்கள். எழுந்து போக முடியாத இடத்தில் இருப்பவர்மேல் இத்தகைய பொருள் பிரயோகிக்கப்பட்டால், விளைவு சிறிதா பெரிதா என்பது இரண்டாம்பட்சம். மயக்கப் பொருள் கொடுத்துப் பெற்ற சம்மதம் சம்மதமே ஆகாது என்று நம் குற்றவியல் சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. சம்மதத்தை மெல்ல நகர்த்தும் பொருள் என்று ஒன்று மெய்யாகவே கண்டுபிடிக்கப்பட்டால், அதே கொள்கையை அதற்கும் நீட்ட வேண்டும். கடைக்கு வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே.

இன்றைக்குச் செய்ய வேண்டியது அதைவிட எளிது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1989-லேயே, காமத்தைத் தூண்டும் என்று சொல்லி மருந்துச் சீட்டில்லாமல் விற்கப்படும் பொருள் எதுவும் பாதுகாப்பானதாகவோ பலனுள்ளதாகவோ ஏற்கப்படவில்லை என்று விதி செய்துவிட்டது. நம்மிடம் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. அந்த விளம்பரத்தில் முகம் காட்டுபவருக்கும் அது பொருந்தும். எதிரில் இருப்பவரை அறியாமலே ஈர்க்கும் என்று எழுதியிருக்கும் குப்பி உங்கள் கண்ணில் பட்டால், அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.